ஹாட் ராட் கோ-கார்ட்: இணையத்தில் வாங்கும் பாகங்களில் எது தேறும், எது தேறாது

ஷாப்பியிலோ லசாடாவிலோ "கோ-கார்ட்" என்று தேடினால் எஞ்சின், கிளட்ச், பின்னச்சு, ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் தனித்தனியாக வந்து நிற்கும். அவற்றைக் கூடையில் போட்டு, வீட்டில் ஒரு ஹாட் ராட் கார்ட், அதாவது பழைய காரைப் பிரித்துக் கட்டும் ஹாட் ராட்டின் தோற்றத்தில் ஒரு சின்னத் திறந்த வண்டி, கட்ட நினைப்பவர்களுக்கான மதிப்பீடு இது. பட்ஜெட் 1,200 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். என் தீர்ப்பு இதுதான்: எஞ்சினில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம், பின்னச்சு, பிரேக், ஸ்டீயரிங் மூன்றிலும் பிடிக்கக் கூடாது. பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதைவிட அதிகமாகக் காசு கரைவது இன்னோர் இடத்தில்: அங்குல அளவுப் பாகங்களையும் மில்லிமீட்டர் அளவுப் பாகங்களையும் ஒரே வண்டியில் கலப்பது.

கார்ட்டும் ஹாட் ராட்டும் ஒரே மண்ணில் பிறந்தவை. 1956ல் ஆர்ட் இங்கெல்ஸ் தெற்குக் கலிஃபோர்னியாவில் புல்வெட்டி எஞ்சினை வைத்துத்தான் முதல் கார்ட்டைக் கட்டினார். பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து ஹாட் ராட் கட்டும் வழக்கமும் அந்த வட்டாரத்தில்தான் வேர்விட்டது. அதனால் அமெரிக்க வரைபடங்களில் எல்லாமே அங்குலம். நமக்கு இங்கே கிடைக்கும் இரும்பு, போல்ட், பேரிங் எல்லாம் மில்லிமீட்டர். இந்த உரசலைத்தான் ஒவ்வொரு பாகத்திலும் பார்க்கப் போகிறோம்.

எஞ்சின்: வாங்கலாம்

ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சினைப் பார்த்துச் செய்த சீன எஞ்சின்கள்தான் இந்த விலைக்குச் சரியானவை. பெயர்ப் பலகையில் 168எஃப் என்று மட்டும் இருந்தால் அது 163 சிசி. 168எஃப்-1 அல்லது 168எஃப்-2 என்றால் 68 மி.மீ. துளை, 54 மி.மீ. ஸ்ட்ரோக், 196 சிசி. 170எஃப் என்றால் 212 சிசி. ஒரு பெரியவரைச் சுமக்க 196 சிசி தாராளம். 212 சிசிக்குக் கூடுதல் காசு கொடுப்பது இந்த வண்டிக்கு வீண்.

வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் ஷாஃப்டைப் பாருங்கள். தண்ணீர்ப் பம்ப்புக்கான எஞ்சினில் ஷாஃப்ட் முனையில் மரை இருக்கும். ஜெனரேட்டருக்கான எஞ்சினில் ஷாஃப்ட் கூம்பிப் போகும். இரண்டிலும் கார்ட் கிளட்ச் ஏறாது. வேண்டியது கீவே, அதாவது கீ என்னும் சிறு இரும்புக் கட்டை உட்காரும் பள்ளம், வெட்டிய நேரான ஷாஃப்ட். அதிலும் இரண்டு வகை உண்டு: முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ.; இன்னொன்று 20 மி.மீ. கார்ட் கிளட்ச்சுகள் பெரும்பாலும் முக்கால் அங்குலத்துக்கே வருகின்றன. விளம்பரத்தில் "19/20" என்று மொட்டையாகப் போட்டிருந்தால், வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்த படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பாத கடையை விட்டுவிடுங்கள்.

எஞ்சின் எண்ணெய் இல்லாமல்தான் வரும். கயிற்றை இழுக்கும் முன் 10டபிள்யூ-30 எண்ணெய் 0.6 லிட்டர் ஊற்ற வேண்டும். புது எஞ்சினின் முதல் எண்ணெயில் உலோகத் துகள் மினுங்குவதைப் பார்க்கலாம். ஹோண்டா கையேடு முதல் மாற்றத்துக்கு 20 மணி நேரம் சொல்கிறது. நகலுக்கு அவ்வளவு நேரம் கொடுக்காதீர்கள், இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்திலேயே மாற்றிவிடுங்கள். பெட்ரோல் 92 ஆக்டேன் போதும். 98 ஊற்றினால் வேகம் கூடாது. ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். இல்லையென்றால் தேங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும்.

எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் கவர்னரைக் கழற்றச் சொல்லும் காணொளிகள் நிறைய. கழற்றாதீர்கள். இந்த எஞ்சினின் ஃபிளைவீல் வார்ப்பிரும்பு; கவர்னர் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதிவேகத்தில் அது உடைந்தால் துண்டுகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓரடி தூரத்திலிருந்து பறக்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் கார்புரேட்டரில் நேராக மாட்டாமல் கவர்னரின் நெம்புகோலில் மாட்டுங்கள். திரும்பி வருவதற்கு ஒரு ஸ்பிரிங் போதாது, இரண்டு வையுங்கள்.

கிளட்ச், செயின்: கவனமாக வாங்கலாம்

எஞ்சின் வேகம் கூடும்போது தானாகப் பிடிக்கும் மையவிலக்குக் கிளட்ச் சுமார் 2,000 சுற்றில் பிடிக்கும். இதில் 35 எண் செயினுக்கு ஒரு வகை, 40, 41, 420 எண் செயின்களுக்கு ஒரு வகை. 35ன் பிட்ச், அதாவது கண்ணிக்குக் கண்ணி இடைவெளி, 9.525 மி.மீ.; மற்ற மூன்றுக்கும் 12.7 மி.மீ. சிங்கப்பூரில் 420 பக்கம் போவதே புத்திசாலித்தனம். சிறிய மோட்டார்சைக்கிள்களில் ஓடும் செயின் அது. அறுந்தால் பைக் கடையில் அன்றே மாற்று கிடைக்கும். 35 எண் செயின் எடை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) இரண்டும் ஒரு நேர்கோட்டில் இல்லாவிட்டால் உடனே கழன்றுவிடும். வீட்டில் கட்டும் வண்டியில் அந்த நேர்த்தி முதல் தடவையிலேயே வந்துவிடாது.

பல் கணக்கு: கிளட்ச்சில் 10, அச்சில் 60 என்றால் 6க்கு 1. எஞ்சின் 3,600 சுற்றில் அச்சு 600 சுற்று. 145/70-6 டயரின் விட்டம் சுமார் 355 மி.மீ.; ஆக, உச்ச வேகம் மணிக்கு 40 கி.மீ. தரையோடு ஒட்டி உட்காரும் வண்டியில் 40 என்பது வேகம்தான். அச்சில் 50 பல் போட்டால் தாளில் 48 வரும். ஆனால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் முன்பே அதிகப் பாரத்தை இழுத்து, வழுக்கிச் சூடாகி, நீலம் பாய்ந்துவிடும். மலிவுக் கிளட்ச் "ஒரு மாதத்தில் போச்சு" என்று புகார் எழுதுபவர்களில் பலருக்குக் குறை கிளட்ச்சில் இல்லை, இந்தப் பல் கணக்கில் இருக்கிறது.

கிளட்ச்சை மாட்டும்போது ஸ்பிராக்கெட் எஞ்சின் பக்கம் இருக்கட்டும். ஷாஃப்டை வளைக்கும் விசை குறையும். டிரம்முக்கு உள்ளே இருக்கும் வெண்கலப் புஷ்ஷுக்கு ஓரிரு சொட்டு எண்ணெய் விடலாம். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் ஷூவுக்குப் போய் வழுக்கும். செயின் நடுவில் 10 முதல் 12 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய எஞ்சின் தட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை வெட்டுங்கள். துளைகளின் மைய இடைவெளி 162க்கு 75.5 மி.மீ., போல்ட் எம்8, தட்டு 6 மி.மீ. தடிமன்.

பின்னச்சுத் தொகுப்பு: இங்கேதான் தடுக்கி விழுவார்கள்

அச்சு, பேரிங், ஸ்பிராக்கெட், டிஸ்க், சக்கர ஹப் எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு. பார்க்க முழுமையாகத் தெரியும். பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை: வெர்னியரை எடுத்து அச்சின் விட்டத்தை அளப்பது. 25 மி.மீ. என்று விற்பது 25.4 ஆக இருக்கலாம். ஓர் அங்குலம் என்று விற்பது 25 ஆக இருக்கலாம். 0.4 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யுசிபி205 பேரிங் 25 மி.மீ.க்கானது, ஓரங்குல அச்சு அதற்குள் நுழையாது. ஓரங்குலத்துக்கு யுசிபி205-16 என்று கேட்டு வாங்க வேண்டும். மறுபக்கம், 25 மி.மீ. அச்சு ஓரங்குலப் பேரிங்குக்குள் சுகமாக நுழைந்துவிடும். இதுதான் ஆபத்து. செட் ஸ்குரூவை இறுக்கினால் சரியாகத்தான் தெரியும். ஓட ஓட அச்சு ஒரு பக்கமாக அரைபட்டு, பேரிங் தள்ளாடி, செயின் கழலும்.

கீயும் அப்படித்தான். மெட்ரிக் அச்சில் கீ 8 மி.மீ. அகலம், ஓரங்குல அச்சில் கால் அங்குலம், 6.35 மி.மீ. கீயைப் பள்ளத்தில் வைத்து, ஹப்பை ஏற்றி, ஸ்பிராக்கெட்டை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் அந்த ஹப்பைப் பூட்டாதீர்கள். ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதும் கீ பள்ளத்தின் ஓரத்தைச் சம்மட்டியாக அடிக்கும். ஹப் கெட்டால் மாற்றலாம். அச்சில் பள்ளம் அகன்றுவிட்டால் முழு அச்சும் போனது. தகரத்தை வெட்டி இடைவெளியில் செருகும் வைத்தியம் நிற்காது.

அடுத்து, அச்சை இரண்டு பேரிங்கிலும் மாட்டி, கையால் சுழற்றி, ஸ்பிராக்கெட் ஓரத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடியுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே வெளியே போனால் ஸ்பிராக்கெட் கோணல் அல்லது ஹப் கோணல். செயினை மாட்டிச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் தளர்ந்தால், ஸ்பிராக்கெட்டின் மையம் தவறி இருக்கிறது என்று பொருள். வாங்கிய உடனேயே இதைப் பார்த்தால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். ஒருமுறை போல்ட் ஏற்றிக் கீறல் விழுந்தால் எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

பேரிங்கை மட்டும் தொகுப்போடு வருவதை நம்பாமல் ஜாலான் புசார் பக்கத்துப் பேரிங் கடையில் தனியாக வாங்குவது என் பரிந்துரை. செலவு கொஞ்சம் கூடும். அச்சைக் கையில் எடுத்துப்போய்க் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதே அதன் பெரிய லாபம்.

பிரேக்

டிரம்மைச் சுற்றிய பட்டை இறுகிப் பிடிக்கும் பேண்ட் பிரேக் மலிவு. ஆனால் அது ஒரு திசையில்தான் நன்றாகப் பிடிக்கும்; நனைந்தால் இன்னும் மோசம். இங்கே பெய்கிற மழைக்கு அது வேண்டாம். ஹைட்ராலிக் டிஸ்க் ஒன்று, அச்சின் மேலேயே. கிளட்ச் டிரம்மில் பிரேக் வைக்கும் பழைய முறையில் செயின் அறுந்தால் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 (பிரேக் திரவ வகை) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மினரல் எண்ணெய்க்கான சீல் உள்ளதில் டாட் திரவம் ஊற்றினால் சீல் உப்பிவிடும். பெடலுக்கு ஒரு தடுப்புக் கட்டை வெல்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் பதற்றத்தில் மிதிக்கும் மிதி சிலிண்டரின் உள்ளே இருக்கும் கம்பியை வளைத்துவிடும்.

ஸ்டீயரிங்: தொகுப்பை அப்படியே மாட்டாதீர்கள்

தொகுப்பில் வரும் ஸ்பிண்டில்களும் (முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் துண்டுகள்) ராட் எண்டுகளும் (டை ராட் முனையின் உருண்டை மூட்டுகள்) பரவாயில்லை. இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராட்டில் ஒரு முனை இடது மரை, மறு முனை வலது மரை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்; அப்போதுதான் கழற்றாமலே டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, சரிசெய்யலாம். குறைபாடு கோணங்களில். தொகுப்போடு வரும் பிராக்கெட்டுகள் பெரும்பாலும் செங்குத்தாக வெல்டு செய்யத் தோதாக இருக்கும். பின்னச்சு ஒரே தண்டாகச் சுழலும் வண்டியில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளையும்போது உட்பக்கப் பின்சக்கரம் சற்றே தூக்கப்பட்டால்தான் வண்டி திரும்பும். அந்தத் தூக்கலைத் தருவது கேஸ்டர் கோணம். கிங் பின்னின், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சாணியின், மேல்முனை 12 பாகை பின்னால் சாய வேண்டும். சாய்வில்லாவிட்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும்.

ஹாட் ராட் தோற்றத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வரைபடங்களில் இதை யாரும் சொல்வதில்லை. பின்னால் 355 மி.மீ. டயர், முன்னால் 4.10/3.50-4 டயர், விட்டம் சுமார் 270 மி.மீ. இரண்டு அச்சும் சட்டத்தின் ஒரே உயரத்தில் இருந்தால், சக்கரம் மாட்டியதும் முன்பக்கம் ஏறக்குறைய 42 மி.மீ. தாழும். இரண்டு அச்சுக்கும் இடையே 1,250 மி.மீ. என்றால் அது 2 பாகை சரிவு. மூக்கு தாழ்ந்த அந்த நிற்பே ஹாட் ராட்டின் அழகு. ஆனால் மேசையில் 12 பாகை வைத்து வெல்டு செய்த கேஸ்டர், தரையில் 10 ஆகிவிடும். ஆகவே மேசையில் 14 வையுங்கள்.

டை ராட் முன்னச்சுக்குப் பின்னால் போகட்டும். ஸ்பிண்டில் கையின் துளையையும் கிங் பின்னையும் இணைக்கும் கோடு, பின்னச்சின் நடுப்புள்ளியை நோக்கிப் போக வேண்டும். டை ராட்டை முன்னால் வைத்தால் அந்தக் கணக்குக்கு ஸ்பிண்டில் கைகள் வெளிப்பக்கம் விரிய வேண்டும், சக்கரம் இடிக்கும். டோ 0 முதல் 3 மி.மீ. உள்நோக்கி.

சட்டமும் வெல்டிங்கும்

நீளக் கம்பிகளுக்கு 50க்கு 25, 2 மி.மீ. தடிமன் செவ்வகக் குழாய். குறுக்குக் கம்பிகளுக்கு 25க்கு 25. ஆறு மீட்டர் நீளம் முன்னது சுமார் 13 கிலோ, பின்னது 9 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடையிலேயே வெட்டி வாங்குங்கள். ஆறு மீட்டர்க் குழாய் புளோக்கின் மின்தூக்கியில் ஏறாது. கருப்பு இரும்பே வேண்டும். துத்தநாகம் பூசியதை வெல்டு செய்தால் அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் தாழ்வாரத்திலும் வெல்டிங், கிரைண்டிங் இரண்டும் வேண்டவே வேண்டாம். தீப்பொறி ஒரு பக்கம், அண்டை வீட்டார் ஒரு பக்கம், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வீட்டில் செய்யக்கூடியது ஜிக், அதாவது குழாய்களை அளவு பிசகாமல் பிடித்து வைக்கும் பலகை. 18 மி.மீ. பிளைவுட் பலகையில் சட்டத்தை முழு அளவில் வரைந்து, குழாய்கள் உட்கார மரக்கட்டைகளைத் திருகிவிடுங்கள். வெட்டிய குழாய்களை அதில் பொருத்தி, காக்கி புக்கிட்டிலோ சுங்கை காடுட்டிலோ உள்ள பட்டறைக்கு ஜிக்கோடு எடுத்துப் போங்கள். அளவெடுக்கும் நேரம் மிச்சமாவதால் வெல்டிங் கூலி நன்றாகக் குறையும். முதலில் எல்லா மூலைகளிலும் புள்ளி வெல்டு, பிறகு எதிரெதிர் மூலைகளாக முழு வெல்டு என்று சொல்லிவிடுங்கள். ஒரே பக்கமாக வெல்டு செய்துகொண்டே போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். நான்கு சக்கரத்தில் ஒன்று தரையில் படாது.

மொத்த அகலம் 850 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதற்கு முன் உங்கள் வாசல் கதவை அளந்து பாருங்கள். போல்ட்கள் 8.8 தரம், நைலான் நட். எம்8க்கு 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

உடலும் தோற்றமும்

ஃபோர்டு மாடல் டி உடலை வைத்துச் செய்யும் டி-பக்கெட் வடிவம் கார்ட்டுக்கு மிகப் பொருத்தம். தட்டையான பக்கங்கள், நிமிர்ந்த கிரில், 1.2 மி.மீ. அலுமினியத் தகடும் ரிவெட்டும் போதும். இணையத்தில் விற்கும் ஃபைபர் உடல்களுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல அச்சு வாங்கலாம்.

எஞ்சினை முன்னால் வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வைத்தால் இடையில் விசையைக் கடத்தும் தண்டாக ஒரு ஜாக்‌ஷாஃப்ட், இரண்டு பேரிங், இன்னொரு செயின் என்று செலவு ஏறும். கால்களுக்கு நடுவே செயின் ஓடும். எஞ்சின் இருக்கைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். முன்னால் பிளைவுட்டில் வி8 எஞ்சின் போல ஒரு கட்டையைச் செய்து, 25 மி.மீ. பிளாஸ்டிக் மின்கம்பிக் குழாயைப் பக்கத்துக்கு நான்காக வளைத்துப் புகைக்குழாய் போல மாட்டுங்கள். வளைக்கும் ஸ்பிரிங்கைக் குழாய்க்குள் விட்டு மெதுவாக வளைத்தால் நசுங்காது. வெள்ளிப் பெயின்டுக்கு முன் மணல்தாளால் நன்றாகத் தேயுங்கள். பிளாஸ்டிக்கில் பெயின்ட் உரிந்து வருவது பெரும்பாலும் தேய்க்காததால்தான். இந்த வேலைக்கு ஆகும் காசு சொற்பம். பார்ப்பவர் கண் முதலில் போவதும் அங்கேதான்.

நிறுத்தும் சுவிட்ச் சிம் லிம் டவரில் வாங்கலாம். எஞ்சினிலிருந்து வரும் நிறுத்தக் கம்பி, சட்டத்தைத் தொட்டால் எஞ்சின் நிற்கும். அதாவது சுவிட்ச் மூடும்போது நிற்கும். வீட்டு விளக்குச் சுவிட்சுக்கு நேர் எதிர். கையில் கயிறு கட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள்.

எங்கே ஓட்டுவது

சாலை, நடைபாதை, பூங்கா இணைப்புப் பாதை, வீவக கார் நிறுத்துமிடம் எதிலும் ஓட்ட முடியாது. வாடகைக் கார்ட் தளங்கள் பொதுவாகத் தங்கள் கார்ட்டைத்தான் ஓட்டவிடும். உரிமையாளர் அனுமதி தந்த தனியார் நிலம் ஒன்றே வழி. இடத்தை உறுதி செய்துகொண்டு பாகங்களை வாங்குங்கள். ஜொகூருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், இரு பக்கச் சுங்கத் துறையிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; பெட்ரோலை முழுதாக வடித்த பிறகே வேனில் ஏற்றுங்கள்.

பணம் பிரிக்கும் விதம்

1,200 வெள்ளியில் எஞ்சினுக்கு 250, கிளட்ச், செயினுக்கு 80, பின்னச்சு, பேரிங், பிரேக் சேர்த்து 300, முன்பக்க ஸ்டீயரிங்குக்கும் நான்கு சக்கரங்களுக்கும் 200, இரும்புக்கும் வெல்டிங்குக்கும் 250, மீதி 120 உடலுக்கும் போல்ட்டுக்கும் பெயின்டுக்கும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி விலையில் சேர்ந்திருக்கிறதா, அனுப்பும் செலவு எடைக்கா கன அளவுக்கா என்று பாருங்கள். எஞ்சினைச் சிங்கப்பூரில் இருப்பு வைத்திருக்கும் கடையில் வாங்குவது நல்லது. 16 கிலோ பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள். சின்னப் பாகங்களை வெளியிலிருந்து வரவழைக்கலாம். அந்த ஆர்டரிலேயே கிளட்ச் கீ இரண்டு, செயின் இணைப்புக் கண்ணி இரண்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஒன்று கூடுதலாகப் போட்டுவிடுங்கள். முதலில் போவது இவைதான்.